சூடேறிய இன்ஜினைப் பார்த்து பழைய கார் வாங்காதீர்கள்

"வண்டியை ஸ்டார்ட் பண்ணி ரெடியா வெச்சிருக்கேன், வாங்க" என்று விற்பவர் சொன்னால் உஷாராகுங்கள். ஓடிச் சூடேறிய இன்ஜின் பல கோளாறுகளை மறைத்துவிடும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். பானெட்டைத் திறந்ததும் இன்ஜினில் சூடு தெரிந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்.

சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். செக் இன்ஜின், ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக் விளக்குகள் எரிந்து, ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். அணையாத விளக்கைத்தான் பலரும் கவனிக்கிறார்கள். எரியவே எரியாத விளக்குதான் அதைவிட மோசம். கோளாறு தெரியக் கூடாதென்று யாரோ கை வைத்திருக்கலாம்.

ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சருக்குப் பின்னால் ஒருவர் நிற்கட்டும். குளிர்ந்த காலையில் சற்று நேரம் வெள்ளையாக வருவது வெறும் நீராவி. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் ஆனதும் ஒரு வீச்சு வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல் தேய்ந்திருக்கும். ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், செலவு பல மடங்கு. இனிப்பு வாடையோடு நிற்காமல் வரும் வெள்ளைப் புகைக்கு இன்ஜினின் மேல் பகுதியை இறுக்கி அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஆயில் மூடியின் உட்புறம் காப்பி நுரை போலப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்துத் தெரு வரை மட்டும் ஓடும் வண்டிகளில் ஈரத்தால் அங்கே கொஞ்சம் நுரை படிவதுண்டு. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது. டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாக இருந்தால் அது குறையல்ல. அதற்காக நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள்.

வழவழப்பான பைபாஸில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது இன்னொரு தவறு. ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏற்றி இறக்கினால்தான் சஸ்பென்ஷனின் 'கடகட' கேட்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நகர்த்தும்போது 'டிக் டிக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட் போய்விட்டது. காரை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் ஆஃப் ஆக வேண்டும். ஆகாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள், பாவம் கிளட்ச்.

சென்னைப் பதிவு வண்டியா? 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை மறக்க வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியென்றால், வாட்டர் வாஷுக்குத் தப்பிய சேற்றுக் கறை அங்கே இருக்கும். ஸ்டெப்னி குழியும் சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளமும் துருப்பிடித்திருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

மீட்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 2324 என்றிருந்தால் 2024-ன் 23-ஆவது வாரத்தில் தயாரானது. 2021 மாடல், மீட்டரில் 20,000 கி.மீ. தான், ஆனால் நான்கு டயரும் 2024 என்றால், இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டுவிட்டு விற்பவரின் முகத்தைப் பாருங்கள்.