ஷிகெல்லா தடுப்பூசி: சர்க்கரைச் சங்கிலியைக் கட்டிப் புரதத்தில் கோப்பது

சீதபேதி தரும் ஷிகெல்லா பிளெக்ஸ்னெரி 2ஏ கிருமியின் மேற்பரப்பில் ஐந்து சர்க்கரை கொண்ட அலகு திரும்பத் திரும்ப வரும்: மூன்று ராம்னோஸ், ஒரு என்-அசெட்டைல்குளுக்கோசமைன், கிளையாக ஒரு குளுக்கோஸ். இந்தச் சங்கிலியைத் தடுப்பூசியாக்க, பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் 5, 10, 15 சர்க்கரை நீளங்களை எலிகளில் ஒப்பிட்டு 15-ஐத் தேர்ந்தார்கள்.

பதினைந்தையும் ஒவ்வொன்றாகக் கோக்காதீர்கள். ஐந்து சர்க்கரைத் துண்டுகளாகச் செய்து பிறகு இணையுங்கள். ராம்னோஸ் இணைப்பு எளிது. சர்க்கரையின் இரண்டாம் கார்பனிலுள்ள ஆக்சிஜனில் அசைல் குழு (அசெட்டைல் போன்ற மூடி) இருந்தால் ஆல்ஃபாதான் வரும் (ஆல்ஃபா, பீட்டா என்பவை இணைப்பு நோக்கும் இரு திசைகள்). தொல்லை கிளைக் குளுக்கோஸில். அங்கே இரண்டாம் இடத்தில் பென்சைல் மூடி போட்டாலும் கொஞ்சம் பீட்டா கலந்துவிடும். அதனால் இந்த இணைப்பைத் தொடக்கத்திலேயே முடியுங்கள், மூலக்கூறு பெரிதானால் இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. என்.எம்.ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு அளவீட்டில்) முதல் கார்பனுக்கும் அதன் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைவு மாறிலி 170 ஹெர்ட்ஸை ஒட்டினால் ஆல்ஃபா, 160 என்றால் பீட்டா. டிஎல்சி (மென்படல நிறப்பிரிகை) தகட்டில் டோனருக்கு (இணையப்போகும் சர்க்கரைக்கு) கீழே புதுப் புள்ளி தெரிந்தால் பெரும்பாலும் ஈரம் புகுந்திருக்கும்; 4 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடையை மறுபடி சூடேற்றி உலர்த்துங்கள்.

சர்க்கரையை மட்டும் ஊசியில் போட்டால் டி செல்களின் உதவி கிடைக்காது, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயனில்லை. டெட்டனஸ் டாக்ஸாய்டில் (நச்சு நீக்கிய டெட்டனஸ் புரதத்தில்) கோத்தாக வேண்டும். சங்கிலியின் முனையில் அசெட்டைல் மூடிய தயோலை (கந்தக-ஹைட்ரஜன் குழுவை) வைத்துக்கொள்ளுங்கள். புரதத்தின் லைசீன்களில் (அமீன் முனை கொண்ட அமினோ அமிலங்களில்) தயோலைப் பிடிக்கும் மாலெய்மைடு குழுவை ஏற்றும்போது பிஎச் 7 முதல் 7.5 வரை, பாஸ்பேட் கரைசலில். டிரிஸ் வேண்டாம், அதுவே அமீன், வினைப்பொருளைத் தின்றுவிடும். உப்பு நீக்கியபின் பிஎச்சை 6-க்கு இறக்கி, சங்கிலியுடன் ஹைட்ராக்சிலமீன் சேருங்கள். மூடி கழன்ற தயோல் உடனே பிடித்துக்கொள்ளும். பிஎச் ஏறினால் மாலெய்மைடு உடையும், லைசீன்களோடும் ஒட்டிப் புரதம் திரளும். உலோக அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏ சேர்த்து, கரைசலிலிருந்து காற்றை வெளியேற்றுங்கள்; இல்லையேல் தயோல்கள் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்துவிடும். மிஞ்சிய மாலெய்மைடை சிஸ்டியமீன் என்னும் சிறு தயோலால் அடைத்துவிடுங்கள்.

மனிதர்களுக்குப் போட்ட தயாரிப்பில் ஒரு டாக்ஸாய்டுக்குச் சராசரி 17 சங்கிலிகள். இஸ்ரேலில் 64 பேரிடம் சோதித்த அளவுகள் 2, 10 மைக்ரோகிராம். இது புரத எடையல்ல, சர்க்கரை எடை. கோக்கப்படாத சர்க்கரை மிச்சமிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் ஏறிவிடும். அதைத் தனியே அளந்தே தீர வேண்டும்.

எதிர்பொருளை அளக்கும் எலிசா தட்டில் தடுப்பூசியையே பூசிவிடாதீர்கள். டெட்டனஸுக்கும் இணைப்பானுக்கும் (சங்கிலிக்கும் புரதத்துக்கும் இடைப்பட்ட துண்டுக்கும்) எதிரான எதிர்பொருள்கள் எண்ணை ஊதிக்காட்டும். கிருமியின் எல்பிஎஸ்ஸை (இந்தச் சர்க்கரைச் சங்கிலியைத் தாங்கும் மேற்பரப்பு லிப்போபாலிசாக்கரைடை) பூசுங்கள். கூடவே அந்தச் சீரம் உயிருள்ள கிருமியைக் கொல்கிறதா என்றும் பாருங்கள்.