வேலிக்கால் சாயாமல் நிற்க எத்தனை அடி தோண்ட வேண்டும்?

போன வருஷம் ஐப்பசி மழையில், காரைக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில் நான்கு கல்லுக்கால்கள் வரிசையாகச் சாய்ந்தன. நட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மறுபடி நட்டவை இந்த வருஷ மழைக்கு அசையவில்லை.

கணக்கு சுலபம்தான். கல்லின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். 7 அடிக் கல்லுக்கு 2 அடிக்குக் குறையவே கூடாது. மூலைக்காலுக்கும் கேட் காலுக்கும் 2½ முதல் 3 அடி. அதற்கு 8 அடிக் கல்லாக வாங்கிவிடுங்கள். கம்பியின் இழுவை முழுக்க மூலையில்தான் விழும், அங்கே காலுக்குச் சாய்வாக முட்டுக் கொடுக்க ஒரு முட்டுக்கல்லும் வேண்டும்.

சரி, நானும் 2 அடி தோண்டித்தானே நட்டேன்? குழி வெட்ட வந்த பெரியவர் சாய்ந்த கல்லைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: “தம்பி, மேல கெடக்குறது கொட்டுன மண்ணு. அதைக் கணக்குல சேர்க்காதீங்க.” பழைய வீட்டை இடித்த மண்ணை அந்த ஓரத்தில் கொட்டிப் பரப்பியிருந்தோம். முதல் ஒரு அடிக்கு நாட்டு ஓட்டுச் சில்லும் காரைத் துண்டுமாக வந்தது, கடப்பாரை பொதக்கென்று இறங்கியது. அதற்குக் கீழே செக்கச்செவேலென்று சரளை, ணங்கென்று சத்தம். அந்தச் சத்தம் கேட்கிற இடத்திலிருந்துதான் 2 அடியை அளக்க வேண்டும். என் கல் நிஜத்தில் ஒரு அடியில்தான் நின்றிருக்கிறது.

குழி வெட்ட என் ஓட்டு கடப்பாரைக்குத்தான். வாடகைக்கு எடுத்த குழி போடும் மெஷின் நம்ம ஊர் சரளையில் துள்ளிக்கொண்டே இருந்தது. மண்வெட்டியால் வெட்டினால் வாய் அகன்று புனல் மாதிரி ஆகிவிடும். குழியின் சுவர் செங்குத்தாக இருக்கட்டும். அடிமண்ணைக் குப்புறப் படுத்துக் கொட்டாங்குச்சியால் அள்ளினேன்.

கல்லை நிறுத்தி, தூக்குக்குண்டு வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். அப்புறம் மண்ணை மொத்தமாகத் தள்ளாமல், அரை அடி போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, கடப்பாரையின் பின்பக்கத்தால் கெட்டியாக இடியுங்கள். அடுத்த அரை அடி, மறுபடி இடி. கை வலிக்கும், விடாதீர்கள்.

பின்சேர்க்கை: நடுவில் முற்றம் வைத்த செட்டிநாட்டு வீடுகளைச் சொல்லி, “நம்ம வளவு வீட்டு பர்மா தேக்குத் தூணெல்லாம் மண்ணில் புதைக்காமல் வெறும் கல் மேல்தானே நிற்கிறது?” என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே கூரையின் பாரம் தூணை அழுத்திப் பிடிக்கிறது. ஈரமும் கரையானும் ஏறாமல் கல் காக்கிறது. வேலிக்காலுக்குத் தலையில் பாரம் கிடையாது, பக்கத்து இழுவை மட்டும்தான்.

கேட் காலுக்கு மட்டும் 1:2:4 கான்கிரீட் (சிமென்ட் 1, மணல் 2, ஜல்லி 4 பங்கு) போட்டேன். மேல்பரப்பைக் கல்லிலிருந்து வெளிப்பக்கமாகச் சரித்துப் பூசுங்கள், இல்லையென்றால் மழைத்தண்ணீர் அங்கேயே தேங்கும். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் கேட்டை மாட்ட வேண்டும்.