மாதச் சம்பளத்துடன் ஃப்ரீலான்ஸ் வருமானம்: வரியைக் கணக்கிட்டுச் செலுத்தும் முறை

சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ ஒரு மென்பொருள் நிறுவனத்தில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டு, இரவிலும் வார இறுதியிலும் வெளி நிறுவனங்களுக்கு நிரல் எழுதிக் கொடுப்பவர்கள் சென்னையில் ஏராளம். அலுவலகம் சம்பளத்தில் டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே முன்னதாகப் பிடித்துக் கட்டும் வரி) பிடிக்கிறது, வெளி வேலை கொடுத்தவரும் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டுதான் பணம் அனுப்புகிறார், ஆகவே வரிக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று அவர்களில் பலர் நினைக்கிறார்கள். தீர்வதில்லை. அலுவலகத்துக்குச் சம்பளம் மட்டுமே தெரியும். வேலை கொடுத்தவருக்குத் தாம் கொடுத்த தொகை மட்டுமே தெரியும். இரண்டையும் கூட்டினால் எந்த வரி அடுக்கில் நிற்கிறோம் என்று பார்த்து மீதியைக் கட்ட வேண்டியவர் சம்பாதிப்பவரே.

2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையை வைத்து ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 11,50,000 ரூபாய். நிலையான கழிவு 75,000 போக 10,75,000 ரூபாய் நிற்கும். 12 லட்சம் ரூபாய் வரை 87ஏ பிரிவின் தள்ளுபடி இருப்பதால் அவருக்கு வரியே இல்லை. அலுவலகமும் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காது. இவர் ஃப்ரீலான்ஸ் வேலையில் 4,80,000 ரூபாய் பெற்று, அதில் பாதியை, அதாவது 2,40,000 ரூபாயை, லாபமாகக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வருமானம் 13,15,000 ஆகிறது. தள்ளுபடி முழுவதும் போய்விடுவதால், முதல் 4 லட்சத்துக்கு வரியில்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மீதி 1,15,000 ரூபாய்க்கு 15 சதவீதம் வீதம் 17,250 என்று 77,250 ரூபாயும், அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் (வரியின் மீது விதிக்கும் கூடுதல் வரி) சேர்ந்து 80,340 ரூபாய் வரி வரும். கூடுதலாகக் காட்டிய லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வரிக்கே போகிறது. வேலை கொடுத்த இந்திய நிறுவனம் 194ஜே பிரிவின்படி 48,000 ரூபாய் பிடித்திருந்தால் மீதி 32,340 ரூபாய். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் பெரும்பாலும் டிடிஎஸ் எதுவும் இருக்காது. 80,340 ரூபாயையும் தாமே கட்ட வேண்டும்.

மேலே பாதியை லாபமாகக் கொண்டது 44ஏடிஏ என்ற அனுமான வரிப் பிரிவின் அடிப்படையில். சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், தகவல் தொழில்நுட்பம் முதலான குறிப்பிட்ட தொழில்களைச் செய்வோர், ஆண்டு வரவு 50 லட்சம் ரூபாய்க்கு மிகாவிட்டால், வரவில் குறைந்தது 50 சதவீதத்தை லாபமாகக் காட்டிவிட்டுக் கணக்குப் புத்தகம் எழுதாமல் இருக்கலாம். ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேற்படாவிட்டால் வரம்பு 75 லட்சம். இந்த வசதியை எடுத்துக்கொண்டபின் மடிக்கணினி, இணையக் கட்டணம் என்று தனியாகச் செலவு கழிக்க முடியாது. உண்மையான லாபம் பாதிக்கும் குறைவு என்று காட்ட விரும்பினால், கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயம். சம்பளமும் சேர்ந்து வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டிவிடுவதால், சிறிய ஃப்ரீலான்ஸ் வரவுக்கு ஆடிட்டர் கட்டணம் கொடுத்து இந்த வழியில் போவது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றவில்லை. உங்கள் தொழில் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லையென்றால், எந்தப் பிரிவு பொருந்தும் என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

வரவு என்பது பில்லில் எழுதிய முழுத் தொகை. வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது அல்ல. டிடிஎஸ் பிடித்த பிறகு 90,000 ரூபாய் வந்திருந்தால் வரவு 1,00,000 ரூபாய்தான். வெளிநாட்டுப் பணத்தில் பேபால் போன்ற நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும் கட்டணமும் அப்படியே. இதற்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றும், வரிசை எண் போட்ட பில்களும் இருந்தால் மார்ச் மாதத்தில் பாதி வேலை மிச்சம்.

டிடிஎஸ் போக ஆண்டு வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ நின்றால் முன்கூட்டிய வரி கட்டியாக வேண்டும். பொதுவாக ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணைகள் உண்டு. 44ஏடிஏ பிரிவைத் தேர்ந்தெடுத்தவர்கள் மார்ச் 15க்குள் மொத்தமாகக் கட்டினால் போதும். மேலே சொன்ன 32,340 ரூபாயைக் கட்டாமல் விட்டு ஜூலையில் தாக்கல் செய்யும்போது கட்டினால், 234சி பிரிவில் 323, 234பி பிரிவில் நான்கு மாதங்களுக்கு 1,292 என்று 1,615 ரூபாய் வட்டி சேரும். சிறிய தொகைதான், ஆனால் வெறுமனே போகிற பணம். வருமான வரித் துறை இணையதளத்தின் இ-பே டாக்ஸ் பக்கத்தில் பான் எண்ணைக் கொடுத்து, முன்கூட்டிய வரி என்பதைத் தேர்ந்தெடுத்து, நெட்பேங்கிங் அல்லது யுபிஐ வழியாகக் கட்டலாம். மதிப்பீட்டு ஆண்டைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்: 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு அது 2026-27. சலானைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்துவதால், அதில் மதிப்பீட்டு ஆண்டுக்குப் பதில் வரி ஆண்டு என்ற ஒன்றே இருக்கும். பிரிவு எண்களும் மாறும்.

வேறொரு வழியும் உண்டு. இந்த வருமானத்தை அலுவலகத்தில் தெரிவித்தால், அவர்களே சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்துக் கட்டிவிடுவார்கள். ஆனால் பணி ஒப்பந்தத்தில் வெளி வேலைக்குத் தடை இருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டாம்.

தாக்கல் செய்யும்போது பலர் சறுக்குவது படிவத் தேர்வில். ஃப்ரீலான்ஸ் வருமானம் தொழில் வருமானம். அதை இதர வருமானம் என்று எழுதி ஐடிஆர்-1 படிவத்தில் முடித்துவிடக் கூடாது. 194ஜே பிரிவில் பிடித்த வரி, உங்கள் பான் எண்ணுக்குத் துறை வைத்திருக்கும் பதிவுகளான படிவம் 26ஏஎஸ்ஸிலும் ஏஐஎஸ் அறிக்கையிலும் நிற்பதால், முரண்பாடு துறையின் கண்ணில் எளிதில் படும். அனுமான வரிமுறைக்கு ஐடிஆர்-4 பொதுவாகப் போதும். ஆனால் ஓஎம்ஆர் சாலை நிறுவனங்களில் பலருக்கு வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் பங்குகள் கையில் இருக்கும். அது வெளிநாட்டுச் சொத்து என்பதால் ஐடிஆர்-4 செல்லாது, ஐடிஆர்-3இல் அந்தச் சொத்து விவரத்தையும் கொடுக்க வேண்டும். குறுகிய காலப் பங்கு லாபம் உள்ளவர்களுக்கும் ஐடிஆர்-3தான். பழைய வரிமுறை வேண்டும் என்றால் கெடு தேதிக்குள் படிவம் 10-ஐஇஏ தர வேண்டும். சம்பளம் மட்டும் வாங்குபவரைப் போல ஆண்டுதோறும் மாறி மாறித் தேர்வு செய்ய முடியாது. தொழில் வருமானம் இருக்கும் வரை, பழைய முறையிலிருந்து புதிய முறைக்குத் திரும்புவது ஒரே ஒரு முறைதான்.

சம்பளச் சீட்டில் மாநகராட்சிக்காகப் பிடிக்கும் தொழில்வரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஜிஎஸ்டி பதிவு, சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான். சம்பளம் அந்தக் கணக்கில் சேராது, வெளிநாட்டு வரவு சேரும்.

தாக்கல் செய்த 30 நாள்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்துவிட வேண்டும். தவறினால் சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும்; அது கெடுவைத் தாண்டியிருந்தால், 5 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவருக்குத் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய்.