மலைக் கிராமங்களுக்குச் சைக்கிளில், குறைந்த செலவில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமதரையில் ஓட்டிப் பழகியவர்கள் மலைக்கும் கிலோமீட்டர் கணக்கிலேயே திட்டம் போடுகிறார்கள். சிக்கனமாகப் போய்வர நினைத்த பயணம் கையைக் கடிப்பது பெரும்பாலும் இதனால்தான். மலையில் பார்க்க வேண்டியது உயரக் கணக்கு. மூட்டையோடு ஏறும் சாதாரண ஆள் ஒரு மணி நேரத்தில் 300 முதல் 500 மீட்டர் உயரம் ஏறினாலே நல்ல வேகம். 1,000 மீட்டர் ஏற வேண்டுமென்றால், தூரம் வெறும் 20 கிலோமீட்டராக இருந்தாலும், மிதிப்பதற்கு மட்டுமே இரண்டிலிருந்து மூன்றரை மணி நேரம் வரை ஆகும். இதைக் கணக்கில் எடுக்காதவர் பாதி வழியில் இருட்டில் மாட்டிக்கொள்வார். அப்புறம் கிடைத்த அறைக்குக் கேட்ட வாடகை, கிடைத்த வண்டிக்குக் கேட்ட கூலி. ஒரு வாரம் மிச்சம் பிடித்தது ஒரே இரவில் போய்விடும்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பழைய மலைக் கிராமங்கள் பல, பள்ளத்தாக்கின் அடியில் இருக்காது. வெள்ளத்துக்குத் தப்பவும், தட்டையான நிலத்தைப் பயிருக்கு விடவும், வெயில் படும் சரிவில் இருக்கவும் வீடுகளை மேலே கட்டினார்கள். அதனால் நாள் முழுக்க ஓட்டிக் களைத்த பிறகு வரும் கடைசிக் கிலோமீட்டர்தான் பல இடங்களில் மிகச் செங்குத்தாக இருக்கும். அதற்கென்று கொஞ்சம் தெம்பையும் தண்ணீரையும் வெளிச்சத்தையும் மிச்சம் வைக்க வேண்டும். உயர்ந்த மலைகளுக்கு நடுவே சூரிய அஸ்தமன நேரத்தை நம்பவும் கூடாது. அதற்கு வெகுமுன்பே முகட்டுக்குப் பின்னால் சூரியன் மறைந்து குளிரத் தொடங்கிவிடும்.

போனில் உள்ள வரைபடம் காட்டும் குறுக்குவழியை அப்படியே நம்புவதும் தவறு. வண்டிச்சாலை வருவதற்கு முன் ஆட்களும் பொதிவிலங்குகளும் நடந்த தடங்கள் அவை; பாதி தூரம் கல்படியாக இருக்கலாம். சாலை வளைந்து வளைந்து போவது சரிவைக் குறைக்கத்தான். உயரக்கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) காட்டும் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் பாதை அவற்றை நேராக வெட்டிப் போனால், சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கும்.

புதுச் சைக்கிள் வாங்கினால்தான் மலை ஏற முடியும் என்பது தேவையில்லாத செலவு. பார்க்க வேண்டியது கியர். மிக இலகுவான கியரில் முன்பல்சக்கரம் பின்பல்சக்கரத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்; முன்னே 26 பல், பின்னே 34 பல் என்பதுபோல. இருக்கும் சைக்கிளில் பின்சக்கரப் பல்லடுக்கை மட்டும் மாற்றினாலே பலருக்குப் போதும். உங்கள் கியர் அமைப்பு அவ்வளவு பெரிய பல்லைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

சிக்கனம் பார்க்கவே கூடாத இடம் பிரேக். ஆளும் மூட்டையும் சைக்கிளும் சேர்ந்த 90 கிலோ, 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 440 கிலோஜூல். காற்றுத் தடை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மெதுவாக இறங்கினால் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாகச் சேரும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் அந்த விளிம்பு கொதித்து ட்யூப் வெடிக்கக்கூடும். சக்கரத்தின் நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் என்றால் பிடிப்பு மங்கும். பிரேக்கை இறக்கம் முழுக்க லேசாக அழுத்திக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிடுங்கள். நீண்ட இறக்கத்தில் நடுவே நின்று ஆறவிடுங்கள். தேய்ந்த பிரேக் கட்டையைக் கிளம்புவதற்கு முன்பே மாற்றுங்கள். இது சிறிய செலவுதான், ஆனால் உயிரைக் காப்பது.

இறக்கத்தில் குளிரும் சேர்ந்துகொள்ளும். 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி வெப்பம் குறைகிறது. வியர்த்த உடலோடு உச்சியிலிருந்து வேகமாக இறங்கினால் விரல் மரத்து பிரேக்கைப் பிடிக்க வராது. காற்றுப் புகாத மெல்லிய மேற்சட்டையும் கையுறையும் கட்டாயம்.

அறை வாடகையை மிச்சப்படுத்தக் கூடாரம், அடுப்பு, பாத்திரம் என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஆளும் சைக்கிளும் 80 கிலோ என்றால், கூடுதலாக ஏற்றும் 10 கிலோ ஏற்றத்தில் உழைப்பை எட்டில் ஒரு பங்கு கூட்டிவிடும். இரண்டு மணி நேர ஏற்றம் கால் மணி நேரம் நீளும். என் பரிந்துரை வேறு. நடுச்சரிவில் உள்ள ஒரு கிராமத்தில் மூன்று நான்கு இரவு தங்குங்கள். மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு, சுற்றியுள்ள ஊர்களுக்கு வெறும் சைக்கிளில் போய் வாருங்கள். சில நாள் தங்குபவருக்கு வாடகையைக் குறைத்துத் தரப் பலரும் தயங்குவதில்லை. எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாம், எந்தப் பாதை சரிந்து கிடக்கிறது, கடை என்றைக்குத் திறக்கும் என்பதெல்லாம் இரண்டாம் நாள்தான் தெரியவரும்.

முழு மலையையும் மிதித்தே ஏற வேண்டும் என்ற வைராக்கியமும் வேண்டாம். பஸ்ஸோ ரயிலோ சைக்கிளை ஏற்றிக்கொள்ளுமானால் மேலே போய் இறங்கிக்கொள்ளலாம். சரக்கறையில் படுக்க வைக்கும்போது கியர் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். அதைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு எளிதில் வளைந்துவிடும். மாடலுக்கு மாடல் மாறுபடும் என்பதால் மலையில் கிடைக்காது. உதிரியாக ஒன்று கையில் இருப்பது நல்லது.

ஊருக்குள் நுழைந்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிடுங்கள். சந்துகள் குறுகல், கல் வழுக்கும், வீட்டு வாசலே பாதையாக இருக்கும். மந்தை காக்கும் நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை இடையில் வைத்துக்கொண்டு மெல்ல நடங்கள். பூட்டிக் கிடக்கும் வீடு கைவிடப்பட்ட வீடு என்று நினைத்து உள்ளே போகாதீர்கள். உத்தரம் உளுத்திருக்கலாம், வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கலாம். படம் எடுக்க ஆசையாக இருந்தால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.