வீல்சேர் வாங்க ஒரு சைக்கிள் பயணம்: எப்படி நடத்துவது?

பணம் திரட்டக் கிளம்புவதற்கு முன்னால் தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

என் தம்பி கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டவன். மார்புக்குக் கீழே உணர்வு கிடையாது. இப்போது வீல்சேர் கூடைப்பந்து ஆடுகிறான். அவன் அணிக்காக நானும் என்னோடு காலையில் சைக்கிள் ஓட்டும் தோழிகளும் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பும் நன்கொடைப் பயணத்தை நான்கு வருடம் நடத்தியிருக்கிறோம். முதல் வருடம் கிடைத்த பணத்தில் அவனைக் கேட்காமலே ஒரு நாற்காலி வாங்கிவிட்டோம். இருக்கை 18 அங்குலம், அவன் இடுப்பு 14. அவன் உடம்பைத் திருப்பினால் நாற்காலி கூடவே திரும்பவில்லை. இரண்டு பக்கமும் துணியைச் செருகிக்கொண்டு ஒரு மாதம் ஆடினான். இடுப்பில் புண் வந்தது. உணர்வில்லாத இடம் என்பதால் அவனுக்கு வலிக்கவில்லை. உடை மாற்றிவிடும்போது அம்மாதான் பார்த்தாள். ஆறு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தான்.

அதனால் முதல் வேலை, ஆடுபவரிடம் போய்க் கேட்பது. என்ன ஆட்டம், எந்த இடத்தில் ஆடுகிறார், இப்போது இருக்கும் நாற்காலியில் என்ன தொல்லை, எல்லாவற்றையும் கேளுங்கள். பிறகு அளவு: இடுப்பின் அகலம், முதுகிலிருந்து முழங்காலின் உட்புறம் வரை நீளம், முழங்காலிலிருந்து குதிகால் வரை நீளம். முதுகுச் சாய்வின் உயரம் ஆளுக்கு ஆள் மாறும். வயிற்றுத் தசை நன்றாக இயங்குபவருக்குத் தாழ்ந்த சாய்வு போதும், என் தம்பிக்கு அப்படி வைத்தால் பந்தை எட்டிப் பிடிக்கும்போது சரிந்துவிடுவான். இந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் உடல் இயக்கத்தைப் பொறுத்து 1 முதல் 4.5 வரை புள்ளி தருவார்கள், களத்தில் நிற்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக் கூடாது. இருக்கையின் உயரத்துக்கும் விதி உண்டு. கூடை மட்டும் எல்லோருக்கும் அதே 3.05 மீட்டர்தான். ஆகவே அளவு எடுக்கும்போது பயிற்சியாளரும் பக்கத்தில் இருக்கட்டும்.

விளையாட்டு நாற்காலி மருத்துவமனை நாற்காலியைப் போல இருக்காது. சக்கரங்கள் கீழே விரிந்து சாய்ந்திருக்கும், அதனால்தான் சட்டென்று திரும்புகிறது, கவிழாமல் நிற்கிறது. பின்னால் மல்லாந்து விழாமலிருக்கச் சின்னச் சக்கரம் இருக்கும். பிரேக் இருக்காது. ஒருவருக்கென்று அளவெடுத்துச் செய்ததை இன்னொருவருக்குக் கொடுப்பது செருப்பை மாற்றிப் போடுவது போலத்தான்.

அடுத்தது கணக்கு. நாற்காலியின் விலையை மட்டும் இலக்காக வைக்காதீர்கள். மெத்தை, இடுப்புப் பட்டை, உபரி டயர், டியூப், கைக்கு ஒட்டும் நாடா, வெளியூர் போட்டிக்குப் போகும் வண்டிச் செலவு எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு நாற்காலி, அன்றாட நாற்காலி ஒன்றும் ஆட்ட நாற்காலி ஒன்றும். பத்துப் பேர் அணி என்றால் இருபது நாற்காலியை ஏற்ற வண்டி வேண்டும். அந்த வாடகைதான் பல அணிகளைப் போட்டிக்கே போகவிடாமல் செய்கிறது.

பணத்தைக் கிலோமீட்டர் கணக்கில் கேட்பது எங்களுக்கு நன்றாக வேலை செய்தது. போகவரச் சுமார் 90 கி.மீ., கிலோமீட்டருக்கு 10 ரூபாய் என்றால் ஒரு நன்கொடையாளரிடமிருந்து 900 ரூபாய். சைக்கிள் ஓட்டும் 60 பேரும் ஆளுக்கு ஐந்து பேரைப் பிடித்தால் 2,70,000 ரூபாய். தெரிந்தவர்கள் ஐந்து பேரிடம் கேட்பது யாருக்கும் பாரமில்லை. டீ ஷர்ட், சாப்பாடு, ஆம்புலன்ஸ் செலவைத் தனியாக ஒரு கடைக்காரரிடமோ நிறுவனத்திடமோ வாங்கிவிடுங்கள். நன்கொடைப் பணத்திலிருந்து ஒரு வாழைப்பழம்கூட வாங்கக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு.

யாருடைய சொந்தக் கணக்குக்கும் பணம் வர வேண்டாம். நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு (80ஜி என்று சொல்வார்கள்) உள்ள அறக்கட்டளை ஒன்றோடு சேர்ந்து, நேராக அதன் வங்கிக் கணக்குக்கு வரச் செய்யுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது, புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மார்ச் மாதத்தில் மனக்கசப்பு வராது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அங்கிருந்து பணம் அனுப்ப நினைத்தால், அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அனுமதி இருக்க வேண்டும்.

சரி, பாதைக்கு வருவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்தப் பயணம் சென்னை, தாம்பரம், செங்கல்பட்டு என்று ஒன்றுக்கு மேற்பட்ட காவல் எல்லைகளைக் கடக்கும். எல்லா இடத்திலும் எழுத்தில் அனுமதி கேளுங்கள், ஒரு மாதம் முன்னால். ஜனவரி, பிப்ரவரி ஞாயிறு விடியற்காலை நல்லது. ஒன்பது மணிக்குள் மாமல்லபுரம் சேர்ந்துவிட வேண்டும். இது வெறும் வெயில் பயம் இல்லை. தண்டுவடக் காயம் உள்ளவர்கள் பலருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு தானாக எளிதில் குளிராது. அவர்களுக்கென்று தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் ஈரத்துண்டும் ஐஸ் பெட்டியும் வண்டியில் இருக்கட்டும்.

வீரர்களைக் கைதட்டவும் கொடி அசைக்கவும் மட்டும் கூப்பிடாதீர்கள், ஓட்டக் கூப்பிடுங்கள். எங்கள் பயணத்தில் அவர்கள் கோவளத்தில் சேர்ந்துகொண்டு மாமல்லபுரம் வரை ஏறக்குறைய 20 கி.மீ. வருகிறார்கள். சிலரிடம் கையால் சுற்றும் ஹேண்ட்சைக்கிள் இருக்கிறது. இரண்டு பேர் ஐஐடி மெட்ராஸில் உருவான நியோபோல்ட் மோட்டாரைத் தங்கள் நாற்காலியில் மாட்டிக்கொண்டு வருவார்கள், அது மணிக்கு 25 கி.மீ. வரை போகும். ஹேண்ட்சைக்கிள் தரையோடு தாழ்ந்த வண்டி, லாரி ஓட்டுநர் கண்ணில் படாது. ஆறடிக் கம்பில் சிவப்புக் கொடி, பின்னால் சிவப்பு விளக்கு, வலப்பக்கமாக ஒரு சைக்கிள், பின்னால் ஒரு கார், இவை இல்லாமல் ஒருவரையும் சாலையில் விடாதீர்கள்.

நிறுத்தும் இடங்களை முந்தின வாரம் நேரில் போய்ப் பாருங்கள், அதுவும் ஒரு வீல்சேர்காரரோடு. கழிப்பறைக் கதவு 32 அங்குலமாவது இருக்கிறதா? வாசலில் படி எவ்வளவு உயரம்? ஆறு அங்குலப் படிக்கு ஆறடிப் பலகை வேண்டும், அதற்குக் குறைந்தால் சரிவு செங்குத்தாகிவிடும். நாங்கள் இரண்டு பலகையை வேனிலேயே கொண்டுபோகிறோம். சிறுநீர்க் குழாய் வைத்திருப்பவர்களுக்கு நேரத்தை ஒட்டி நிறுத்தம் வேண்டும். காயம் மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ உள்ளவருக்குத் திடீரென்று மண்டை வெடிப்பது போல் தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே வியர்ப்பது என்று வந்தால் அது ஆபத்து. நிமிர்த்தி உட்கார வையுங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், இறுக்கமான பட்டையைத் தளர்த்துங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். உடன் வரும் தன்னார்வலர் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

மேடை விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. ஒரு வருடம் எங்களுக்கு உதவிய ஒரு நிறுவனத்தார் தம்பியை நாற்காலியோடு நான்கு பேராகத் தூக்கி மேடையில் வைத்துப் படம் எடுத்தார்கள். அவனைக் கேட்கவே இல்லை. அன்று வீடு வரும்வரை அவன் பேசவில்லை. இப்போது மேடையே போடுவதில்லை, தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறோம். ஆளைத் தொடுவதற்கு முன்னும் நாற்காலியைத் தள்ளுவதற்கு முன்னும் கேட்க வேண்டும்.

இன்னொன்று. பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியபின் தமிழக அரசு இரண்டு கோடி ரூபாய் அறிவித்தது. அது சரியான மரியாதை. ஆனால் நம் பயணத்தின் பணம், பதக்கத்துக்கு வெகுதூரம் முன்னால், மாவட்ட அளவில் இரவல் நாற்காலியில் ஆடும் பிள்ளைக்குப் போகட்டும். மேலே வந்தவர்களுக்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும் இருக்கின்றன. அங்கே விண்ணப்பிக்க உதவுவதும் நம் வேலைதான்.

நாற்காலி வந்த அன்று பில்லின் நகலை எல்லா நன்கொடையாளருக்கும் அனுப்புங்கள். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போங்கள். நாம் சைக்கிளுக்கு வைத்திருக்கும் உயரமான பம்ப் அந்த டயருக்கும் போதும். டியூப் மட்டும் அளவு பார்த்து வாங்குங்கள், ரோடு பைக் டியூப் பெரும்பாலும் பொருந்தாது. போகும்போது அளவு நாடாவும் கையில் இருக்கட்டும். அணியில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு வயது 13, வளர்ந்துகொண்டே இருக்கிறான்.