பாண்டி விடுதிக்கு இணையதளம்: முதலில் எழுத்தைச் சரிசெய்யுங்கள்

புதுச்சேரியில் விடுதி, உணவகம் நடத்துபவர்களின் தளங்களில் அறை வாடகையும் மெனுவும் பெரும்பாலும் வாட்ஸ்அப்புக்குச் செய்த படமாகவே ஏற்றப்பட்டிருக்கும். பார்வையற்றவர் டாக்பேக்கை (ஆண்ட்ராய்டு போனில் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான்) வைத்து அதைத் தொட்டால் ‘படம்’ என்பதற்கு மேல் பெரும்பாலும் உருப்படியாக எதுவும் வராது. தேடுபொறிக்கும் அந்த விலை சரியாகப் போய்ச் சேராது. அதைத் தட்டச்சு செய்து, தலைப்புக் கட்டங்கள் கொண்ட அட்டவணையாகப் போடுங்கள். வண்ணம், அனிமேஷன் எல்லாம் அப்புறம்.

தளம் பழையதா? ஒரு தமிழ் வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. திரைவாசிப்பானும் அந்தக் குப்பையைத்தான் படிக்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டுக்கு மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் கண்ணால் சரிபாருங்கள். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றும் கருவி அதையும் தமிழ் என்று நினைத்துச் சிதைத்துவிடும்.

பக்கம் எந்த மொழியில் உள்ளது என்று நிரலில் சொல்லும் மொழிக்குறி (lang) தமிழாக இருக்கட்டும். தளத்தின் ஆயத்த வார்ப்புருவோடு வந்த ஆங்கிலக் குறியை யாரும் மாற்றுவதில்லை. அதனால் சில கருவிகளில் ஆங்கிலக் குரலே தமிழைப் படிக்க முயலும். ‘ரூ சுஃப்ரேன்’ போன்ற தெருப்பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் போட்டால் அந்தச் சொல்லுக்கு மட்டும் பிரெஞ்சுக் குறி கொடுங்கள்.

ஒயிட் டவுன் (பிரெஞ்சுக்காரர் பகுதி) சுவர்களின் மஞ்சளைத் தளத்திலும் கொண்டுவர எல்லோருக்கும் ஆசை. அந்த மஞ்சளில் வெள்ளை எழுத்து வைத்தால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டு விகிதம் 3-க்கு 1-ஐக்கூட எட்டாது. 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 (எல்லோரும் பயன்படுத்தக்கூடிய இணையதளங்களுக்கான வழிகாட்டி), ஏஏ எனும் நடு நிலையில் சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5-க்கு 1. மஞ்சளை விடவேண்டாம், எழுத்தைக் கருப்பாக்குங்கள். வரி உயரம் எழுத்தளவின் 1.6 மடங்காவது இருக்கட்டும். நிலையான பிக்சல் அளவில் இறுக்கினால் ‘கூ’வின் கீழ்ச் சுழியும் ‘கி’யின் மேல் வளைவும் வெட்டுப்படலாம். எழுத்துகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளியும் வேண்டாம், தமிழில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கலாம். விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் அமைப்பு இருந்தால் நீக்கிவிடுங்கள்.

அறைப் படங்களுக்கு மாற்று உரை (படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் alt வரி) ‘அறை1’ என்றிருந்தால் யாருக்கு என்ன பயன்? ‘தரைத்தளம், இரட்டைக் கட்டில், தெருப்பக்க ஜன்னல்’ என்று எழுதுங்கள். அலங்காரப் படத்துக்கு மாற்று உரையைக் காலியாக விடலாம். நிரலிலிருந்து alt பண்பையே எடுத்துவிட்டால் சில திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரைப் படிக்கத் தொடங்கும்.

பக்கத்தின் நிரலைச் சோதிக்கும் டபிள்யூ3சி சரிபார்ப்பியில் நாற்பது பிழை வந்தால் பதறவேண்டாம். ஒரே ஐடி (ஓர் உறுப்புக்கான தனி அடையாளப் பெயர்) இருமுறை வருவது, மூடாத குறிச்சொல் ஆகியவற்றை முதலில் சரிசெய்யுங்கள். பெயர், தொலைபேசி போன்றவற்றை நிரப்பும் பெட்டிகளில் லேபிள் இல்லாதவற்றை நீங்களே தேடிச் சரிசெய்யுங்கள். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பு லேபிள் ஆகாது, தட்டச்சு செய்தவுடன் மறைந்துவிடும். ஒரு வரி நிரலில் எல்லாம் சரியாகும் என்று விற்கப்படும், பக்கத்தின் மேல் மிதக்கும் அணுகல்தன்மைப் பொத்தான்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அடியில் உள்ள குறை அப்படியே இருக்கும்.

பாண்டிச்சேரி என்ற பெயர் 2006-இல் புதுச்சேரி என்று மாறினாலும் மக்கள் புதுச்சேரி, பாண்டிச்சேரி, பாண்டி என்று மூன்றையும் தேடுகிறார்கள். தலைப்பில் ஒன்று, முதல் பத்தியில் மற்றொன்று இயல்பாக வந்தால் போதும். கடலூர்க்காரர்கள் ‘முதுநகர்’, ‘ஓ.டி.’ (ஓல்ட் டவுன்) இரண்டையும் எழுதலாம். கடைப்பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் தளத்திலும் கூகுள் வணிகப் பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். அஞ்சல் குறியீட்டை மறக்காதீர்கள். வாசலில் எத்தனை படி, சாய்தளம் உண்டா, குளியலறைக் கதவு எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் எழுதுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் முதலில் தேடுவது அதைத்தான்.

கடைசியாக, கணினியில் மவுஸைத் தள்ளிவைத்து, டேப், எண்டர் போன்ற விசைகளால் மட்டும் ஓர் அறையைப் பதிவுசெய்து பாருங்கள். பெரும்பாலும் தேதிக் கட்டத்தில்தான் மாட்டும். அதைத் தட்டச்சு செய்யும் பெட்டியாக மாற்றும்வரை, பக்கத்திலேயே தொட்டால் அழைப்பு போகும்படி தொலைபேசி எண்ணை வையுங்கள்.