ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: புதிதாகப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஜெர்மனியில் முதல் மாதத்துத் தொல்லைகளில் பாதி முகவரியிலிருந்து கிளம்புபவை. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதை ‘அன்மெல்டுங்’ என்பார்கள். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வர வேண்டியதுதான். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிச் சான்று ஒன்று வேண்டும். சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். உள்வாடகைக்கு அறை விடும் சிலர், “தங்கிக்கொள்ளலாம், பதிவு மட்டும் கூடாது” என்பார்கள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த அறை வேண்டாம். பெரிய நகரங்களில் பதிவுக்கு நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அறை உறுதியானதுமே இணையத்தில் நேரம் வாங்கிவிடுவது நல்லது.

அடுத்தது தபால்பெட்டி. வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் என முக்கியமானவை பெரும்பாலும் தபாலில்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அங்கே பெட்டியில் எழுதுவது குடும்பப் பெயரை. தமிழர்களின் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் அப்பாவின் பெயர் இருக்கும். எனவே பாஸ்போர்ட்டில் உள்ள இரண்டு பெயர்களையும் எழுதி ஒட்டுங்கள்.

விசாவுக்காக ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் முடக்கக் கணக்கில் போட்ட பணத்தை நம்பி வெறுங்கையோடு இறங்குவது இன்னொரு தவறு. 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ என்று கணக்கு. ஆறு மாதத்துக்கு 5,952. அது மாதத் தவணையாகத்தான் விடுபடும், அதுவும் சாதாரண வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து அதன் எண்ணைக் கொடுத்த பிறகு. முதல் மாத வாடகையும் முன்பணமும் அதற்கு முன்பே வந்து நிற்கும். முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்கலாம். சூடேற்றும் செலவு போன்றவை அதில் சேராது. அந்தத் தொகையை மூன்று மாதத் தவணைகளாகக் கட்ட வாடகைச் சட்டம் இடம் தருகிறது. இது தெரியாமல் மொத்தத்தையும் ஒரே நாளில் கட்டிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. அறையைப் பார்க்காமல், “நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும்” என்பவருக்கு ஒரு யூரோ கூட அனுப்பாதீர்கள்.

விசாவுக்கு எடுத்த பயணக் காப்பீடு பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் போதாது. 30 வயதுக்குள் இருந்தால் மாணவர் கட்டணத்தில் அரசுசார் மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். மலிவான தனியார் காப்பீட்டுக்காக அதிலிருந்து விலக்கு வாங்கினால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது. ஒரு செமஸ்டரை நீட்டித்து அங்கேயே தொடர நினைப்பவர்கள் இதில் நன்றாக மாட்டிக்கொள்வார்கள்.

படிப்பில் செய்யும் தவறுகள் தாமதமாகத்தான் வெளியே தெரியும், அதனால் விலையும் அதிகம். பாடத்துக்குப் பெயர் கொடுப்பது வேறு, தேர்வுக்குப் பெயர் கொடுப்பது வேறு. பல பல்கலைக்கழகங்களில் தேர்வுப் பதிவுக்குத் தனிக் கடைசி நாள் உண்டு. அதைத் தவறவிட்டால் ஒரு வகுப்பு விடாமல் உட்கார்ந்திருந்தாலும் தேர்வு எழுத முடியாது. வருகைப்பதிவு பல விரிவுரைகளில் கிடையாது, இடைத்தேர்வும் கிடையாது. முழு மதிப்பெண்ணும் கடைசித் தேர்வு ஒன்றிலேயே தொங்குவதால், “யாரும் கேட்கவில்லையே” என்று டிசம்பர் வரை மிதந்தவர் பிப்ரவரியில் மூழ்குவார். மதிப்பெண் 1.0 என்றால் மிகச் சிறப்பு, 4.0 தேர்ச்சியின் விளிம்பு, 5.0 தோல்வி. வகுப்பு நேரத்துக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்றிருந்தால் கால் மணி நேரம் கழித்துத் தொடங்கும், ‘எஸ்.டி.’ என்றால் சொன்ன நிமிடத்தில்.

ஒரு செமஸ்டரின் முழுப் பளு 30 ஐரோப்பியக் கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. புது ஊரில் அதையும் தாண்டி எடுப்பது வீம்பு. முதல் வாரங்களில் ஒரு பாடத்தை மாற்றினால், சொந்தக் கல்லூரியின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்மொழிச் சம்மதத்தை நம்பினால், ஊர் திரும்பிய பிறகு அந்தக் கிரெடிட் கணக்கில் ஏறாமல் போகலாம்.

திரும்பும் டிக்கெட்டை ஜனவரிக் கடைசிக்கு எடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. குளிர்கால செமஸ்டர் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் பிப்ரவரி வரை ஓடும், தேர்வுகள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். சொந்தக் கல்லூரியில் அடுத்த பருவம் ஜனவரியிலேயே தொடங்குமானால், கிளம்பும் முன்பே அவர்களிடம் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

செல்பேசிக்கு ‘பிரீபெய்டு’ சிம் போதும். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் நீங்கள் ஊருக்கு வந்த பிறகும் பணம் கேட்கும். கிளம்பும்போது முகவரிப் பதிவை ரத்து செய்யுங்கள். வெளியேறுவதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து, வெளியேறிய இரண்டு வாரம் வரை அதற்கு நேரம். அறைக்குக் கட்டிய முன்பணம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூட வேண்டாம்.